கைமிச்சம்

2 மார்ச் 1998

எங்கள் பிரிவு முழுக்கப் பெயின்ட் வாசனை. புதன்கிழமை கணக்கைச் சரிபார்க்க அமெரிக்கர்கள் வருகிறார்கள். அவர்கள் நடக்கப்போகிற வழியில் மட்டும் சுவருக்குப் பச்சை அடிக்கிறார்கள். வழி திரும்புகிற இடத்தில் பச்சையும் நின்றுவிடுகிறது; அதற்கு அப்பால் பழைய அழுக்கு மஞ்சள். தவறிப்போய் யாராவது நேராக நடந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது.

வேலை வழக்கம்போல. ஏவுகணைகளிலிருந்து கழற்றிய யுரேனியம் எங்களிடம் சீவலாக வருகிறது, தச்சன் இழைத்த மரச்சுருள்போல. எரித்தால் கறுப்புத் தூள். தூளை அமிலத்தில் கரைத்து, சுத்தம் செய்து அடுத்த கட்டடத்துக்கு அனுப்புகிறோம். அங்கே வீரியம் குறைந்த யுரேனியத்தோடு கலந்து நீர்க்கச் செய்கிறார்கள். அப்புறம் ரயில், கப்பல், கடல் தாண்டி ஏதோ ஒரு மின் நிலையம். நம் ஏவுகணைகள் குறிவைத்திருந்த ஏதோ ஓர் ஊரில் ஒரு பெண் சமையலறை விளக்கைப் போடுகிறாள்.

அந்தப் பெண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பெருமையாகத்தான்.

(எண்கள் எதையும் இங்கே எழுதமாட்டேன். பயம் பாதி. நாள் முழுக்க எண்களோடு இருப்பதன் சலிப்பு மீதி.)

4 மார்ச்

வந்துவிட்டுப் போனார்கள். மூன்று பேர். அதில் ஒருவர், ஹார்லன் என்று பெயர், பெரிய உருவம், ஷூவுக்கு மேல் மாட்டுகிற உறை எதுவும் பொருந்தாமல் இரண்டு ஜோடியைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு நடந்தார். எங்கள் மேசையில் மாதக் கணக்கைப் பார்த்தார். வந்த எடை, போன எடை, வித்தியாசம். வித்தியாசக் கட்டத்தில் எல்லா மாதமும் சைபர்.

"எங்கள் ஊர் ஆலையில் இது ஒருநாளும் சரியாக வராது," என்றார். "எங்காவது ஒரு குழாயில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். உங்களுக்கு மட்டும் எப்படி?"

குற்றம் சாட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறப்பதற்கு முன் நானே ஆங்கிலத்தில் சொன்னேன்: "நாங்கள் கவனமாக இருக்கிறோம்."

என் உச்சரிப்பு நன்றாக இருந்தது. அதில் ஒரு நொடி மகிழ்ச்சிகூட.

அவர்கள் போனதும் ரைசா பெத்ரோவ்னா முழங்கையால் இடித்தார். எங்கள் ஷிஃப்டின் பொறுப்பாளர். முப்பது வருடமாகக் கையுறை பொருத்திய இந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் கைவிட்டுக்கொண்டிருப்பவர்.

"என்னடி கேட்டான் அந்தக் கரடி?"

"கணக்கு எப்படி எப்பவும் சரியா வருதுன்னு."

"நீ என்ன சொன்ன?"

"கவனமா இருக்கோம்னு."

"கவனமாம்!" என்று சிரித்து நான்காம் பெட்டியின் கண்ணாடியைத் தட்டினார். "கேட்டியா, உன்னத்தான் சொல்றா."

பெட்டிக்குள் மூலையில் இருக்கிற சின்ன எஃகு டப்பாவோடு பேசினார். அதுதான் எங்கள் கைமிச்சம். எந்த மாதமும் கணக்கு சரியாக வராது, ஹார்லன் சொன்னதுதான் நிஜம். ஒரு மாதம் தூள் வடிகட்டியில் ஒட்டிக்கொள்ளும், குறையும். இன்னொரு மாதம் ஒட்டியது உதிரும், கூடும். கூடியதை எழுதமாட்டோம், டப்பாவில் போடுவோம். குறையும் மாதம் டப்பாவிலிருந்து எடுத்துச் சேர்ப்போம். சைபர். எங்கள் ஷிஃப்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் யாரிடமும் சொன்னதில்லை. நான் சேர்ந்த முதல் வாரத்தில் ரைசா பெத்ரோவ்னா என் கையில் கரண்டியைக் கொடுத்து, "மிச்சத்த அங்க போடு," என்றார். போட்டேன். இரண்டு வருடமாகப் போடுகிறேன்.

ஒருமுறைகூடக் கை கூசியதில்லை. இன்று ஒருவர் மரியாதையாகக் கேட்ட பிறகுதான்.

8 மார்ச்

மகளிர் தினம். ஆண்கள் ஆளுக்கொரு மஞ்சள் மிமோசாப் பூங்கொத்து கொடுத்துவிட்டு, பிறகு நாங்கள் சமைத்ததைச் சாப்பிட வந்தார்கள். ரைசா பெத்ரோவ்னா வீட்டில் மீன் வைத்துச் சுட்ட ரொட்டி. எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவ நான் மட்டும் நின்றேன்.

கேட்டுவிட்டேன். எதற்கு அந்த டப்பா?

கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "என் வீட்டுக்காரர் ஷிஃப்ட் தலைவரா இருந்தார், தெரியும்ல? ஒரு வருஷம் கணக்குல தூள் குறைஞ்சிடுச்சு. ஒரு கைப்பிடி கூட இல்ல. மூணு மாசம் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. எங்க வச்ச, யாருக்குக் குடுத்த? வீட்டு மாவு டப்பாவக்கூட கொட்டிப் பாத்தாங்க. வசந்தத்துல வடிகட்டித் துணிய மாத்தினப்ப அதுக்குள்ள இருந்துச்சுடி, மொத்தமும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? 'கெடச்சிடுச்சு, போய்ட்டு வா'ன்னாங்க. அந்த மனுசன் அதுக்குள்ள வேற ஆளாயிட்டாரு. குடிச்சாரு, போனாரு. அன்னையிலேர்ந்து எனக்குக் குறையறதே இல்ல."

நான் மேடைப் பேச்சுப்போல ஏதோ கேட்கப் போயிருந்தேன். அதை விட்டுவிட்டுத் தட்டுகளைத் துடைத்தேன்.

11 மார்ச்

மாதக் கடைசியில் முழு இருப்பெடுப்பு. புதுத் தராசுகள், வெளியிலிருந்து ஆட்கள், எல்லாப் பெட்டிகளும் திறக்கப்படும். பிரிவுத் தலைவர் அர்க்காதி செம்யோனிச் அறிவிப்பைப் படிக்கும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்கும் தெரியும் போல.

குறைந்தால் திருட்டு. கூடினால்? இத்தனை வருடம் எழுதியதெல்லாம் பொய். இரண்டில் எது மோசம் என்று தெரியவில்லை.

ரைசா பெத்ரோவ்னா முடிவு செய்துவிட்டார்: "வந்த வழியே போகட்டும்." தினமும் கரைக்கும் கலத்தில் தூள் போடும்போது டப்பாவிலிருந்தும் கொஞ்சம் சேர்த்துப் போட்டுவிடுவது. மாதம் முடிவதற்குள் டப்பா காலி.

13 மார்ச்

கலத்தின் மேல் சிவப்புத் தகடு ஒன்று உண்டு. இதற்கு மேல் போடக்கூடாது என்கிற அளவு. அதைத் தாண்டினால் வெடிக்காது, படங்களில் வருவதுபோல எதுவும் இல்லை. பொருள் அளவுக்கு மேல் ஓரிடத்தில் சேர்ந்தால் தானாகவே விழித்துக்கொள்ளும். ஒரு நீலச் சிமிட்டல். கட்டடம் அப்படியே இருக்கும். பக்கத்தில் நிற்கிறவர்கள் மட்டும் சில வாரத்தில் இருக்கமாட்டார்கள்.

ஒரு நாளின் பாதித் தூளை நாங்கள் போடுகிறோம், மறுபாதியை இரண்டாம் ஷிஃப்ட். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாங்கள் சேர்க்கிற கூடுதலையும் சேர்த்தால்கூடத் தகட்டுக்கு நன்றாகக் கீழே. இரண்டு தடவை போட்டேன். சரியாகத்தான் இருந்தது.

ரைசா பெத்ரோவ்னா கரண்டியை நீட்ட, நான் போடுகிறேன். பேசுவதில்லை. திருடுகிறவர்கள் எடுப்பார்கள், நாங்கள் திருட்டுத்தனமாகத் திருப்பி வைக்கிறோம்.

17 மார்ச்

நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

ஷிஃப்ட் முடிந்து பால் வாங்க நின்றோம். எங்களைப் போல ஆபத்தான வேலை செய்கிற பிரிவுகளுக்குத் தினமும் பால் உண்டு. ரினாத், இரண்டாம் ஷிஃப்ட், உள்ளே போவதற்கு முன் வாங்கிக் குடிப்பான். அவன் மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம்.

"என்ன ஆஸ்யா, அறிவாளி! உங்க ஷிஃப்ட் கலத்துக்கு என்ன விருந்து வைக்குது? நாலு நாளா அளவுக்கம்பி மேல மேல காட்டுது."

"உங்க கண்ணுல கோளாறு."

"கோளாறா? நாங்களே கொஞ்சம் தாராளமாத்தான் பரிமாறறோம். மாசக் கடைசில விருந்தாளி வராங்கல்ல, வீட்டச் சுத்தமா வைக்கணுமே!" கண்ணடித்தான். பாலைக் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

நானும் சிரித்தேன். சிரித்தேன்! குளியலறைக்குப் போய், உடுப்பைக் கழற்றி, தண்ணீருக்கு அடியில் நின்றபோதுதான் அவன் சொன்னது உறைத்தது.

அவர்களுக்கும் கைமிச்சம் இருக்கிறது. அவர்களும் அதே கலத்தில் போடுகிறார்கள். எங்களிடமிருந்து அவர்கள் மறைத்தார்கள், அவர்களிடமிருந்து நாங்கள். நான் போட்ட கணக்கு பாதிக் கணக்கு.

நுழைவட்டையை ஒப்படைத்தாயிற்று, திரும்ப உள்ளே விடமாட்டார்கள். முற்றத்துக்கு எதிரே பாதுகாப்புப் பொறியாளரின் அறை, விளக்கு எரிந்தது. போய்க் கதவைத் தட்டி, நான் ஆஸ்யா, நான்காம் பெட்டி, எங்களிடம் இவ்வளவு கூடுதல் இருந்தது என்று சொல்லியிருக்கலாம்.

ஆனால் கேன்டீன் சுவரில் இருந்த போனை எடுத்து அந்த அறைக்கு அழைத்தேன். குரலை ஆண்குரல்போலக் கட்டையாக்கிக்கொண்டேன். "கரைக்கும் கலத்தை நிறுத்துங்கள், இரண்டு ஷிஃப்டும் கூடுதலாகப் போடுகிறது." யார் பேசறது, யாருய்யா நீ, என்று அந்த ஆள் கத்துவதற்குள் வைத்துவிட்டேன்.

சைரன் எதுவும் இல்லை. சன்னலில் ஆட்கள் ஓடுவது தெரிந்தது. அப்புறம் வீட்டுக்கு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம்கூடக் கிடைத்தது.

18 மார்ச்

ஒன்றும் ஆகவில்லை. கலத்தை நிறுத்தி, கரைசலைச் சின்னச் சின்னக் குடுவைகளாகப் பிரித்து வடித்திருக்கிறார்கள். அளந்தார்களாம். தகட்டுக்குக் கீழேதான். எவ்வளவு கீழே என்று யாரும் சொல்லவில்லை. அர்க்காதி செம்யோனிச் உள்ளே வந்தும் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அந்தத் தொப்பியைப் பார்த்ததும் எவ்வளவு நெருக்கத்தில் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

20 மார்ச்

விசாரணைக் கூட்டம். இரண்டு ஷிஃப்டும். யார் என்று கேட்டார்கள்.

ரைசா பெத்ரோவ்னா எழுந்தார். "எங்க பக்கம் நான். நான் மட்டும்."

"உங்க பெட்டியில ஆஸ்யாவும்தானே வேலை செய்றா?"

"அவளா!" கையை வீசினார். "அவ மூக்கு எப்பவும் புஸ்தகத்துக்குள்ள. பக்கத்துல யானையக் கரைச்சாலும் அவளுக்குத் தெரியாது."

சிரித்தார்கள். அந்த அறையில் அந்த நேரத்தில்கூட. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் புத்தகப் புழுவைப்போலத் தலையைக் குனிந்துகொண்டு... புன்னகைத்தேன். அந்த வேஷம் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது.

பிறகு ரினாத் எழுந்து, தங்கள் ஷிஃப்டில் போட்டது தான் என்றான். அவனை யாரும் கேட்கக்கூட இல்லை.

21 மார்ச்

புன்னகைத்தேன்.

27 மார்ச்

ரைசா பெத்ரோவ்னா சலவைக்கூடத்துக்கு. ரினாத் முற்றத்தில் சரக்கு ஏற்றுகிற வேலைக்கு, பனியில். பிறக்கப்போகிற குழந்தையை உத்தேசித்து வேலையைவிட்டு நீக்கவில்லையாம்.

ரைசா பெத்ரோவ்னாவின் இடம் எனக்கு. "தற்காலிகமா," என்றார் அர்க்காதி செம்யோனிச். ஷிஃப்ட் முடிவில் பெட்டிக் கதவின் மெழுகில் அழுத்துவதற்கு எனக்கென்று ஒரு பித்தளை முத்திரை கொடுத்தார்கள். புதுசு. விளிம்பு கூர்மையாக இருக்கிறது. மூன்று புத்தகம் படிக்க எடுத்தேன், மூன்றிலும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. தப்பு செய்கிற ஆட்களைப் பற்றி எவ்வளவு படித்திருக்கிறேன்! படித்தபோதெல்லாம் நான் நீதிபதியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

6 ஏப்ரல்

பஸ்ஸில் ரினாத். முகம் காற்றில் வெடித்திருக்கிறது.

"வாழ்த்து, தலைவியம்மா!"

"கிண்டல் பண்ணாதே."

"கிண்டல் இல்ல. ஒருத்தர் மேலே போகட்டுமே." பிறகு குரலைத் தாழ்த்தி: "அன்னைக்குப் போன் பண்ணது யாருன்னு ஏதாவது தெரிஞ்சுதா? என் பொண்டாட்டி அந்த ஆளுக்கு மெழுகுவத்தி ஏத்துறா, தெரியுமா? நாங்க தாத்தார், முஸ்லிம், அவ அதையெல்லாம் பாக்கறதில்ல, சர்ச்சுக்கே போய் ஏத்திட்டு வரா."

நான் சன்னலைப் பார்த்தேன்.

"ஒண்ணு மட்டும் கேப்பேன் அந்த ஆள," என்றான். "பேரச் சொல்லியிருந்தா என்ன? இப்பப் பாரு, எங்க ஷிஃப்ட் கென்னாதிதான் சொல்லிட்டான்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. அன்னைக்கு அவன் ஷிஃப்டுக்கு லேட்டா வந்தான்ல, அதான். அவன்கூட யாரும் டீகூட குடிக்கிறதில்ல. காட்டிக்குடுத்தவனாம்!"

"நீ?"

"நான் முற்றத்துல இருக்கேன். எனக்கு யார் டீ குடுக்கறா?"

20 ஏப்ரல்

நேற்று ஈஸ்டர். இன்று எல்லோர் மேசையிலும் வெங்காயத் தோலில் வேகவைத்த சிவப்பு முட்டைகள். என் மேசையில் நான்கு. கென்னாதியின் மேசையில் ஒன்றுகூட இல்லை. அவன் நல்ல மனிதன், அதிகம் பேசாதவன், அம்மாவோடு இருக்கிறான். ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் வந்து மேசையைத் துணியால் துடைத்தான். எதுவும் இல்லாத மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

என்னுடையதில் ஒன்றைக் கொண்டுபோய் வைக்கலாம் என்று எழுந்தேன். அப்படி வைத்தால் நான் யார்? இரக்கப்படுகிறவள்? உட்கார்ந்துவிட்டேன். நான்கையும் வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பையில் போட்டேன். உணவைக் குப்பையில் போட்டதே இல்லை, இதுவரை.

6 மே

அமெரிக்கர்கள் மறுபடி. ஹார்லனுக்கு இந்தத் தடவை அளவான ஷூ உறை தேடி வைத்திருந்தார்கள். கணக்கைப் பார்த்தார். வித்தியாசக் கட்டத்தில் சைபர் இல்லை. சின்ன எண், அசிங்கமான எண், ஏப்ரலில் நான் எழுதியது.

அதன் மேல் விரலை வைத்து, "இது நிஜம்," என்றார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்தில் அர்க்காதி செம்யோனிச் சிரித்த முகமாக நின்றார். கையை உருவிக்கொள்ளத் தோன்றியது.

அவர்கள் போனதும் அவர் அறைக்குப் போனேன்.

"அந்தக் கைமிச்சத்துல பாதி என் கை, அர்க்காதி செம்யோனிச்."

"தெரியும்."

"தெரியுமா?"

"அம்மா தாயே, ரெண்டு பேர் கைவிடற பெட்டியில நடுவுல சுவரா கட்டியிருக்கு? விசாரணை முடிஞ்சாச்சு. போய் வேலையப் பாரு."

"போன் பண்ணதும் நான்தான்."

கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப நேரம் அதைத் துடைத்தார். "இத எதுக்கு எங்கிட்ட சொல்ற? ஒண்ணுக்கு உன்னத் தண்டிக்கணும். இன்னொண்ணுக்கு உனக்கு மாலை போடணும். ரெண்டையும் நான் எந்த வாயால சொல்றது?"

"நீங்க சொல்ல வேண்டாம். ரெண்டு ஷிஃப்டும் இருக்கற கூட்டத்துல நானே சொல்றேன்."

"சொன்னா இந்தக் கட்டடத்துல உனக்கு வேலை இல்ல."

"சரி."

"நல்லா யோசிச்சியா?"

இல்லை. நன்றாக யோசித்துத்தான் ஏழு வாரம் கடத்தினேன். இதை அவரிடம் சொல்லவில்லை.

7 மே

சொல்லிவிட்டேன். நின்றுகொண்டு, பெயரைச் சொல்லி. அழகான வாக்கியங்கள் ராத்திரியே தயார் செய்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. "நானும் போட்டேன். போன் நான்தான். கென்னாதி இல்ல." அவ்வளவுதான் வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. கென்னாதி எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு வெளியே போனான். என்னைப் பார்க்கவில்லை. அவனை ஒதுக்கியவர்களையும் பார்க்கவில்லை.

மன்னிப்பு மாதிரி ஏதோ ஒன்றை எதிர்பார்த்துத்தான் சொன்னேனா? அதுவும் வெட்கமாக இருக்கிறது.

12 மே

சலவைக்கூடத்தில் முதல் நாள். நீராவி, சோப்பு நெடி, மலைமலையாக வெள்ளை உடுப்புகள். ரைசா பெத்ரோவ்னா என்னைப் பார்த்ததும் ஈரச்சட்டையை மேசையில் ஓங்கி அறைந்தார்.

"உன்ன யாருடி இங்க வரச் சொன்னது?"

"நானேதான்."

"எனக்கு ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச நாள். நான் போனா ஒரு ஆள் போச்சு. நீயும் வந்தா ரெண்டு. அங்க இப்ப யாரு இருக்கா? ஒருத்தரும் இல்ல. நான் செஞ்சத மொத்தமும் தண்ணியில விட்டுட்ட!"

"உங்களுக்காக வரல, ரைசா பெத்ரோவ்னா."

"பின்ன?"

"கென்னாதிகூட யாரும் டீ குடிக்கல."

அவர் இரண்டு சட்டையைப் பிழிந்தார். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "போன் நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

"எப்படி?"

"கலம் இப்பவோ அப்பவோன்னு இருக்கு, அந்த நேரத்துல 'தயவுசெய்து'ன்னு ரெண்டு தடவ சொன்னாங்களாம். போன எடுத்தவன் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிச்சான். நம்ம ஊர்ல அப்படிப் பேசறவ யாருடி இருக்கா?"

நான் அப்படிச் சொன்னதே எனக்கு நினைவில்லை.

"தெரிஞ்சுமா கூட்டத்துல என்னை..."

"தெரிஞ்சதாலதான்." ஒரு ஏப்ரனைத் தூக்கி என் மேல் எறிந்தார். "கட்டு. முடியையும் கட்டு. மெஷின்ல சிக்கிச்சுன்னா அதுக்கும் என்னத்தான் கேப்பாங்க."

அவருக்கு நாள் முடிந்தும் கோபம் போகவில்லை, போகும் என்றும் தெரியவில்லை.

மாலையில் இரண்டாம் ஷிஃப்ட் ஆட்கள் உடுப்பு வாங்க ஜன்னலுக்கு வந்தார்கள். பெயர் பார்த்து எடுத்து நீட்டவேண்டும். சிலர் வணக்கம் சொன்னார்கள், சிலர் சொல்லவில்லை. கடைசியில் கென்னாதி. அவனுடையதை எடுத்து நீட்டினேன். விரித்துப் பார்த்தான்.

"பொத்தான் இல்ல."

"வேற தரட்டுமா?"

சட்டையைப் பார்த்தான். அடுக்கில் அவன் அளவில் இன்னும் ஆறேழு இருந்தன, அவனுக்கும் தெரியும்.

"இதுலயே தைச்சிடு," என்றான்.

ஊசியில் நூல் கோக்க எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. அவன் ஜன்னல் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு, நான் தைத்து முடிக்கிறவரைக்கும் அங்கேயே நின்றான்.